குச்சி உருவங்களின் அரசியல்: நான் பரிந்துரைக்கும் ஒரு வெப்காமிக்ஸ்

நெடுங்காலமாகச் செய்தித்தாள் கார்ட்டூன்களை விரும்பிப் பார்த்து வருவதாகவும், கல்லூரியில் படிக்கும் உங்கள் மகள் கைப்பேசியில் காட்டும் அரசியல் வெப்காமிக்ஸ்களில், அதாவது இணையத்தில் வெளியாகும் சித்திரத் தொடர்களில், ஓவியம் என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படவில்லை என்றும் எழுதி, தொடர்ந்து படிக்கத் தகுந்தது என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. எதைப் படிப்பது என்பது வெளிப்படையான கேள்வி. கோடும் வட்டமுமாகக் கிறுக்கியதுபோல இருக்கும் ஒன்றை எந்த அளவுகோலால் நல்லது என்று தீர்மானிப்பது என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. இந்த இரண்டாவதற்கு விடை சொல்லாமல் பெயரை மட்டும் தந்தால், நீங்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவீர்கள். வார இதழ் ஒன்றின் லே-அவுட் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றினேன். ஓவியர்கள் தரும் கார்ட்டூன்களைப் பக்கத்துக்கு ஏற்ற அளவில் வைப்பதும், பேச்சு பலூனுக்குள் அடங்காத வசனத்தை ஆசிரியரிடம் கொண்டுபோய் வெட்டி வாங்கி வருவதும் என் அன்றாட வேலையாக இருந்தன. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் பரிந்துரைப்பது பெங்களூரைச் சேர்ந்த ரச்சிதா தனேஜா வரைந்துவரும் 'சானிட்டரி பேனல்ஸ்'. பிரதமரை விமர்சித்து முகநூலில் எழுதியதற்காக ஒருவர் கைது செய்யப்பட்டார் என்ற செய்தியைப் படித்த கோபத்தில் 2014-இல் அவர் ஒரு சித்திரத்தை வரைந்து முகநூலில் போட்டார். அங்கிருந்து தொடங்கியதுதான் இந்தத் தொடர். அவர் ஓவியப் பள்ளியிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வந்தவர் அல்லர். மக்கள் பிரச்சினைகளுக்காக இணையத்தில் கையெழுத்துத் திரட்டுவது போன்ற பிரசாரப் பணிகளில் இருந்தவர். அவர் பணியாற்றிய ஜட்கா என்ற அமைப்புதான், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றிய ராப் பாடல் ஒன்றை 2015-இல் பரப்பி, அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்களின் கோரிக்கையை நாடறியச் செய்தது. 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. சிக்கலான ஒரு விவகாரத்தை அதைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒருவர் நின்று கேட்கும்படி சுருக்கிச் சொல்வது பிரசாரத் தொழிலின் அடிப்படைத் திறமை. அந்தப் பயிற்சியை அவருடைய கட்டங்களில் நான் பார்க்கிறேன்.

பெயரைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சானிட்டரி நாப்கின் என்ற சொல்லையும் காமிக்ஸ் கட்டத்தைக் குறிக்கும் பேனல் என்ற சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர் அது. வீட்டில் செய்தித்தாளில் சுற்றி மறைத்துக் கொண்டுவரப்படும் ஒரு பொருளின் பெயரை அரசியல் பேசும் தொடருக்குச் சூட்டியதே ஒரு நிலைப்பாடு. அந்தப் பொருளும் அரசியலுக்கு வெளியே இல்லை என்பதைப் பின்னால் வந்த நிகழ்ச்சிகள் காட்டின. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு 2018 ஜூலையில் அது நீக்கப்பட்டது.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். நம் தலைமுறை பழகிய கார்ட்டூன் தலைவரின் உடலை மையமாகக் கொண்டது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், இந்தியன் எக்ஸ்பிரஸில் அபு ஆபிரகாம் வரைந்த படம் உங்கள் நினைவில் இருக்கக்கூடும். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுகிறார். இன்னும் ஏதாவது இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். அந்தப் படத்தின் வலிமை முழுவதும், அவர் யார் என்பது பார்த்த கணத்திலேயே தெரிவதிலும், அவர் இருக்கும் கோலத்திலும் உள்ளது. முகச்சாயல் சற்றுப் பிசகியிருந்தால் அது வெறும் குளியலறை நகைச்சுவையாகிப் போயிருக்கும். ஆகவே சாயலைப் பிடிக்கும் கை நமக்கு மிகவும் முக்கியமாக இருந்தது. நானும் அந்த அளவுகோலில்தான் வளர்ந்தேன்.

சானிட்டரி பேனல்ஸில் சாயலுக்கு வேலை இல்லை. வட்டத் தலை, கோடாக உடம்பு, கோடாகக் கைகால். தேவைப்படும் இடத்தில் அது யார் என்று எழுதியே வைத்துவிடுகிறார். தொடக்கத்தில் இதை ஒரு குறையாகவே நினைத்தேன். வரையத் தெரியாதவர் செய்துகொண்ட சமாதானம் என்று எண்ணினேன். சில மாதங்கள் தொடர்ந்து படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. முகம் இல்லாத உருவத்தில் நாம் தேடிக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லாததால், கண் நேராக வசனத்துக்குப் போகிறது. அதைவிட முக்கியமானது, பேசுவது யார் என்பது. ஆர்.கே. லக்ஷ்மணின் காமன் மேன் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக, 1951 முதல் பல பத்தாண்டுகள் டைம்ஸ் ஆப் இந்தியாவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்; ஆனால் அவர் பேசியதே இல்லை. மற்றவர்கள் பேசினார்கள், அமைச்சர்கள் உளறினார்கள், அவர் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார். அந்த மௌனம் பெரிய கலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அது வயதான ஒரு நடுத்தர வர்க்க ஆணின் மௌனம். தனேஜாவின் கட்டங்களில் பெரும்பாலும் இருப்பவள் இளம்பெண். அவள் பேசுகிறாள், எதிர்க்கேள்வி கேட்கிறாள், சோர்ந்து போகிறாள், மறுபடியும் கேட்கிறாள். தலைவரின் மேல் இருந்த வெளிச்சம் அவருக்குக் கீழே வாழ்பவளின் மேல் திரும்புகிறது. குச்சி உருவத்தில் அவள் யாராகவும் இருக்கலாம் என்பதால், படிப்பவர் அந்த இடத்தில் தன்னையே நிறுத்திப் பார்க்க முடிகிறது. நம் செய்தித்தாள் கார்ட்டூன் பெரும்பாலும் ஒதுக்கிவைத்த இடம் இது என்பதே என் பரிந்துரையின் முதன்மையான காரணம்.

வசனத்தைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். பேச்சு பலூனுக்குள் பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் வாசகர் படத்தை விட்டுவிடுகிறார் என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். ஆனால் சொல்லைக் குறைத்தால் மட்டும் போதாது. எந்தச் சொல் கடைசியில் நிற்கிறது என்பதில்தான் அடி விழுகிறது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான அரசியல் மீம்கள் ஏற்கெனவே நாம் நம்புகிற ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. நல்ல காமிக்ஸில் முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே ஒரு நகர்வு இருக்கும். முதலில் இயல்பாகத் தோன்றிய வாக்கியம் கடைசியில் வேறு பொருள் கொண்டு திரும்பி வரும். தனேஜாவின் சிறந்த சித்திரங்களில் இந்த நகர்வு மூன்று நான்கு கட்டங்களுக்குள் நடந்துவிடுகிறது. எல்லாச் சித்திரங்களிலும் நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். செய்தி வந்த சில மணி நேரத்துக்குள் வரையப்படுபவற்றில் கோபம் மட்டும் மிஞ்சி நிற்பதும் உண்டு.

எளிய கோடு எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு 2020-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த ஆகஸ்டில் மூத்த வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று, தற்கொலைக்குத் தூண்டியதாகத் தொடரப்பட்ட வழக்கில் கைதாகியிருந்த தொலைக்காட்சி நெறியாளர் அர்னாப் கோஸ்வாமிக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கியது. தனிமனித சுதந்திரத்தைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை என்று அப்போது சொல்லப்பட்டதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் வழியில் அக்டோபர் 5 அன்று கைதான கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் அதே வேளையில் சிறையில் இருந்தார். அவருக்கு உச்ச நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது 2022 செப்டம்பரில்; சிறையிலிருந்து வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். ஒருவருக்கு விரைவாகத் திறந்த கதவு மற்றவருக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி அன்று பரவலாக எழுந்தது. தனேஜா வரைந்த சித்திரத்தில், ஆளுங்கட்சிக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடுவே கோஸ்வாமியாக நிற்கும் சின்னஞ்சிறு உருவம் 'என் அப்பா யார் தெரியுமா?' என்ற பொருளில் வட இந்தியத் தெருக்களில் வழக்கமாகக் கேட்கும் ஒரு வரியைச் சொல்கிறது. வேறொன்றும் இல்லை.

அதற்கும் அவருடைய வேறு இரு பதிவுகளுக்கும் எதிராக ஒரு சட்டக்கல்லூரி மாணவர் முறையிட்டார். தனிமனிதர் ஒருவர் இத்தகைய குற்றவியல் அவமதிப்பு வழக்கை உச்ச நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டுமானால், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அரசின் உயர் சட்ட அதிகாரியின் இசைவு வேண்டும். அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே. வேணுகோபால் 2020 டிசம்பர் தொடக்கத்தில் இசைவு தந்தார். அம்மாதம் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தனேஜாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இந்தச் சட்டத்தின்படி தரக்கூடிய உச்சபட்ச தண்டனை ஆறு மாதச் சிறை, 2000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சித்திரம் நியாயமானதா, நீதிமன்றத்தின்மேல் வீண் பழி சுமத்துகிறதா என்பதில் நேர்மையான இரண்டு கருத்துகள் இருக்க முடியும் என்பதை ஏற்கிறேன். நீதிபதியின் உள்நோக்கத்தைச் சான்றின்றிச் சந்தேகிப்பது நீதித்துறையின் மேல் உள்ள நம்பிக்கையைக் குலைக்கும் என்று வாதிடுபவர்களை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஆனால் சில கோடுகளும் ஒரு வரியும் கொண்ட படத்தை இவ்வளவு பெரிய நிறுவனம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்றால், அதில் ஓவியம் இல்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. 2024 மே 3 அன்று, ஜெனீவாவைச் சேர்ந்த ஃப்ரீடம் கார்ட்டூனிஸ்ட்ஸ் அறக்கட்டளை, கார்ட்டூன் துறைத் துணிவுக்காகக் கோஃபி அன்னான் பெயரில் வழங்கும் விருதை இவருக்கும் ஹாங்காங்கின் சுன்சிக்கும் பகிர்ந்தளித்தது. நாற்பது ஆண்டுக்காலம் வரைந்துவந்த நாளிதழில் 2023 மே மாதத்தோடு இடம் இழந்தவர் சுன்சி.

இணையத்தில் வரைபவருக்குப் பத்திரிகை என்ற குடை இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்திரிகையில் ஒரு கார்ட்டூன் சிக்கலுக்கு உள்ளானால் ஆசிரியரும் பதிப்பாளரும் முன்னால் நிற்பார்கள். 1987-இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழகச் சட்டமன்றம் சிறைத்தண்டனை விதித்தபோது உள்ளே போனவர் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். தன் பக்கத்தில் தானே வெளியிடுபவருக்கு அப்படி முன்னால் நிற்க யாரும் இல்லை. அசீம் திரிவேதியின் இணையதளம் 2011 டிசம்பரில் முடக்கப்பட்டது. அடுத்த செப்டம்பரில் அவர் மும்பையில் தேசத்துரோக வழக்கில் கைதானார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா வரையக்கூட இல்லை. முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பியதற்காக 2012 ஏப்ரலில் கைதானவர், 2023 ஜனவரியில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இத்தகைய கைதுகளுக்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கிய பிறகும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றி முகநூலில் வெளியிட்ட கார்ட்டூனுக்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்சி வேறு, மாநிலம் வேறு. நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். எந்தக் கட்சியின் ஆட்சியில் நடந்தது என்று பார்த்து இந்தக் கைதுகளை எடைபோடும் பழக்கத்தை நாம் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை சொன்னவற்றில் ஆண்டுகளும் நிகழ்ச்சிகளும் பொதுவெளியில் பதிவானவை; அவற்றை ஐயமின்றி எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய காமிக்ஸ் யாருடைய மனத்தையாவது மாற்றுகிறதா என்பது வேறு விஷயம். அதில் நான் தயக்கத்தோடுதான் பேச முடியும். பத்திரிகையில் எங்களுக்கு வாசகர் கடிதங்கள் வந்தன. திட்டி எழுதியவர்தான் படத்தை உற்றுப் பார்த்தவர் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். இணையத்தில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை தெரிகிறது; ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே உடன்படுகிறவர்களின் எண்ணிக்கையாகவே இருக்கலாம். மேலும் என் பரிந்துரை நடுநிலையானது அன்று. சிறுபான்மையினர், பெண்கள், சாதி ஆகியவை குறித்து தனேஜா எடுக்கும் நிலைப்பாடுகளோடு பெரும்பாலும் உடன்படுபவன் நான். நீங்கள் உடன்படாதவராக இருந்தால் சில நாட்கள் எரிச்சல் வரும். அதோடு இது ஆங்கிலத்தில், இடையிடையே இந்திச் சொற்களோடு, பெருநகர வாழ்க்கையின் பார்வையிலிருந்து பேசும் தொடர். கிராமத்துச் சாதியமைப்பையோ மாநில அரசியலின் நுணுக்கங்களையோ உள்ளிருந்து காட்டுவதை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கண்ணுக்கு ஓவியம் கட்டாயம் வேண்டும் என்றால் இதன் கூடவே ஆர்த்தி பார்த்தசாரதியின் 'ராயல் எக்ஸிஸ்டென்ஷியல்ஸ்' தொடரையும் தேடிப் பாருங்கள். அதுவும் 2014-இல் தொடங்கியதுதான். பழைய முகலாய, இராசபுத்திரச் சிற்றோவியங்களை எடுத்து, அரண்மனை உப்பரிகையில் அமர்ந்திருக்கும் இளவரசிகளையும் அரசர்களையும் இன்றைய சாதி, பாலினம், வேலை, அதிகாரம் பற்றிப் பேச வைக்கிறார். படம் மூன்று நூற்றாண்டுப் பழமை, வசனம் நேற்றைய செய்தி. அந்த இடைவெளியிலிருந்தே பொருள் பிறக்கிறது. பெயர் வெளியிடாமல் வரையப்பட்ட 'க்ரோகடைல் இன் வாட்டர், டைகர் ஆன் லேண்ட்' என்பதும் படிக்கத் தகுந்தது. நீரில் முதலை, கரையில் புலி என்ற வங்காளப் பழமொழி அது. நாம் இருதலைக் கொள்ளி எறும்பு என்போம். நகரத்து வசதி படைத்தவர்களின் உரையாடலை அப்படியே பதிவு செய்ததுபோல இருக்கும் அதன் கூர்மை வேறு வகையானது. இருந்தும் முதலிடத்தை நான் தனேஜாவுக்கே தருவேன். மற்ற இரண்டிலும் அதிகாரம் உள்ளவர்களும் வசதி உள்ளவர்களுமே பெரும்பாலும் பேசுகிறார்கள்.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று. இன்ஸ்டாகிராமில் இன்று வந்த சித்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். அரசியல் கார்ட்டூன் செய்தியின் மேல் அமர்ந்திருப்பது. செய்தி நினைவில் இல்லாவிட்டால் பாதி போய்விடும். நீங்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கும் காலகட்டங்களுக்குப் பின்னோக்கிப் போங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய 2019 டிசம்பர், நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட 2020 மார்ச் 24-க்குப் பிந்தைய வாரங்கள், வேளாண் சட்டங்கள் நிறைவேறிய 2020 செப்டம்பர் முதல் அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்த 2021 நவம்பர் 19 வரையிலான காலம் ஆகியவை நல்ல தொடக்கம். அந்த நாட்களில் நீங்கள் படித்த செய்தித்தாள் கார்ட்டூன் எதையாவது நினைவுக்குக் கொண்டுவந்து அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று அமைச்சரவைக் கூட்டத்தையும் மற்றொன்று வீட்டு வாசலையும் காட்டுவது தெரியும். இயன்றால் உங்கள் மகளோடு அமர்ந்தே படியுங்கள். இணைய வழக்குச் சொற்களும் இந்தித் துணுக்குகளும் உங்களுக்குப் பிடிபடாத இடத்தில் அவள் சொல்வாள். 2014-இல் அவள் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பாள் என்பதால், தனேஜாவை முதலில் வரையவைத்த அந்தக் கைதுச் செய்தி வந்தபோது நாடு எப்படி இருந்தது என்பதை நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.